நகராட்சி மன்றமும் நம் கல்லாப் பெட்டியும்



பிப்ரவரி முதல் தேதி தில்லியில் பட்ஜெட் வாசிக்கும்போது நம்மவர்கள் கடையில் டி.வி.யை வைத்துக்கொண்டு உட்கார்ந்து விடுகிறோம். கோட்டையில் நிதியமைச்சர் என்ன சொன்னார் என்பது அன்று மாலைக்குள் பஜார் முழுவதும் தெரிந்துவிடுகிறது. ஆனால் நம் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நகராட்சி மன்றத்தில் சென்ற மாதம் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்காவது தெரியுமா என்பது ஐயமே. ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் நாம் படிக்கிறோம். அப்போது அது தீர்மானமாக இருப்பதில்லை, பாக்கியாக மாறியிருக்கிறது.

இதை ஒரு குறையாகச் சொல்லும்போது நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். கடந்த சில ஆண்டுகளில் உள்ளாட்சி மன்றங்கள் எடுத்த முடிவுகள் நம் தொழிலைத் தொட்ட அளவுக்கு வேறெதுவும் தொட்டதில்லை. அந்த முடிவுகள் எடுக்கப்பட்ட இடத்தில் நாம் இல்லை. கடையடைப்பு நடத்திய இடத்தில்தான் இருந்தோம்.

முதலில் சொத்து வரியை எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டு தமிழகம் முழுவதும் சொத்து வரி உயர்த்தப்பட்டது நினைவிருக்கும். சொந்தக் குடியிருப்புக்கு 50 சதவீதம், வாடகைக் குடியிருப்புக்கு 100 சதவீதம், கடை, கிடங்கு முதலிய வணிகக் கட்டடங்களுக்கும் 100 சதவீதம் என்றார்கள். சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் வரியைத் தொடவே இல்லை என்பது அரசு சொன்ன காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த உயர்வை எந்த மன்றம் விவாதித்தது என்று கேட்டுப் பாருங்கள். எந்த மன்றமும் இல்லை! 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஒருவரே மன்றம், அவரே தலைவர், அவரே உறுப்பினர். அவர் கையெழுத்திட்டால் தீர்மானம். போய்க் கேட்பதற்கு ஒரு கவுன்சிலர் வீட்டு வாசல்கூட இல்லாத காலத்தில்தான் நம் கடைகளுக்கு வரி இரட்டிப்பாயிற்று.

பிறகு 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும், அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த தவணைகளில் கழித்துக் கொள்ளப்படும் என்றார்கள். ஒழுங்காக முதலிலேயே கட்டியவர் ரசீதைத் தேடிக்கொண்டு அலைந்தார். கட்டாமலே இருந்தவர் மீசையை முறுக்கிக்கொண்டு இருந்தார். இதிலிருந்து வியாபாரி என்ன பாடம் கற்பான் என்பதை நகராட்சிதான் யோசித்திருக்க வேண்டும்.

2022இல் தேர்தல் நடந்து மன்றங்கள் கூடின. மார்ச் மாதம் பதவி ஏற்றார்கள். ஏப்ரல் முதல் தேதி மீண்டும் வரி உயர்வு அறிவிப்பு வந்தது. இம்முறை அளவு வாரியாகப் பிரித்திருந்தார்கள். பெரும்பாலான ஊர்களில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய பகுதிகளில் இதைவிடக் கூடுதல். வீட்டைப் பொறுத்த மட்டில் இது நியாயமான ஏற்பாடு என்றே சொல்வோம். சின்ன வீட்டுக்காரருக்குச் சின்ன உயர்வு, பெரிய வீட்டுக்காரருக்குப் பெரிய உயர்வு.

கடைக்கு மட்டும் இந்த நியாயம் கிடையாது. வணிகக் கட்டடம் என்றால் 100 சதவீதம், சென்னையின் பழைய பகுதிகளில் 150 சதவீதம். எட்டுக்குப் பத்து அளவில் ஒரு மனிதர் குறுக்கே நின்றால் இன்னொருவர் உள்ளே போக முடியாத பெட்டிக்கடைக்கும், எஸ்கலேட்டர் ஓடும் நான்கு மாடி ஜவுளி மாளிகைக்கும் உயர்வு விகிதம் ஒன்றே. அளவுக்கேற்ப வரித்தொகை வேறுபடும் என்பது சரி. விகிதம் ஏன் வேறுபடக் கூடாது? வீட்டில் 600 சதுர அடிக்குக் காட்டிய இரக்கத்தை 100 சதுர அடிக் கடைக்குக் காட்ட எது தடையாக இருந்தது? இந்த ஒரு கேள்வியை மன்றத்தில் எழுப்பச் செய்திருந்தால் போதும். உயர்வு நிற்காமல் போயிருக்கலாம். சிறு கடைகளுக்கென்று ஒரு படி கிடைத்திருக்கக்கூடும். ஆட்சேபணை கூற அவகாசம் கொடுத்து அறிவிப்பு வெளியிட்டார்கள். நம் சங்கங்கள் ஆர்ப்பாட்டம் நடத்தின, கண்டன அறிக்கை விட்டன. எழுத்து மூலம், கடை அளவோடு, ரசீது எண்ணோடு, ஆட்சேபணை கொடுத்தவர்கள் எத்தனை பேர்? நம் பகுதியில் விசாரித்த வரையில் கை விரல்களை மடக்கி எண்ணிவிடலாம்.

மன்றங்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பதினைந்தாவது நிதிக் குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலத்தின் வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலையும் உயர்த்திக் காட்டினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் என்று நிபந்தனை போட்டுவிட்டது. வரியை உயர்த்தாவிட்டால் மானியம் இல்லை. ஆக, கவுன்சிலர் கை தூக்குவதற்கு முன்பே முடிவு தில்லியிலும் கோட்டையிலும் எடுக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் மன்றம் எதற்கு என்று கேட்பீர்கள். எவ்வளவு வசூல் தேவை என்பது மேலிடத்து முடிவாக இருக்கலாம். யாரிடம் எவ்வளவு என்று பிரிப்பதில் மன்றத்துக்கு ஒரு குரல் உண்டு. அந்தக் குரல் நம் காதில் விழும் தூரத்தில் இருக்கிறது.

ஒரு நகராட்சியின் மன்றக் கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் நிகழ்ச்சி நிரலில் இருந்தன. முதல் இருபது நிமிடம் ஒரு வார்டில் தெருவிளக்கு எரியாதது பற்றிச் சண்டை. அடுத்த பத்து நிமிடம் வெளிநடப்பு. மீதி அத்தனையும், கடை வாடகை, குப்பைக் கட்டணம், சந்தை ஏலம் உட்பட, ‘ஆல் பாஸ்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. பார்வையாளர் பெஞ்சில் நாமும், பத்திரிகை நண்பர்கள் இருவரும், வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு பெரியவரும்தான் இருந்தோம். அந்த ஊரில் சங்க உறுப்பினர்கள் மட்டும் நானூறு பேருக்கு மேல். வெளியே வந்தால் எதிர்க் கடைக்காரர், “உள்ளே என்னண்ணே கூட்டம்?” என்று கேட்கிறார். அவர் கடையே நகராட்சிக் கடை. அவருடைய வாடகைதான் அன்றைக்கு உள்ளே பாஸ் ஆகியிருந்தது!

நகராட்சி நமக்கு வரி வாங்குபவர் மட்டுமன்று, பலருக்கு வீட்டுக்காரரும் அதுவே. பஸ் நிலையத்துக் கடை, தினசரி மார்க்கெட் கடை என்று தமிழகமெங்கும் ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் உள்ளாட்சியின் வாடகைதாரர்கள். தனியார் வீட்டுக்காரர் வாடகை ஏற்றினால் பேசிப் பார்க்கலாம், கோயில் திருவிழா வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம். நகராட்சி ஏற்றினால் கோப்பு பேசும். பாக்கி நின்றால் சீல். சரக்கு உள்ளே, வியாபாரி வெளியே. இப்படிப் பூட்டப்பட்ட ஒரு கடையின் முன்னால் பருப்பு மூட்டை வந்து இறங்க இடமில்லாமல் லாரி நின்றதை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். அந்த உறுப்பினர் பாக்கி வைத்தது தவறு. ஆனால் கூரை ஒழுகுகிறது, கழிப்பறை இல்லை என்று அவர் கொடுத்த மனுக்களுக்குப் பதிலே வந்ததில்லை என்பதும் உண்மை. வாடகை ஏற்றும்போது மட்டும் நகராட்சிக்கு வீட்டுக்காரர் என்ற நினைப்பு வருகிறது.

தனியார் கடையில் இருப்பவரின் கதை வேறு. வரி கட்டடச் சொந்தக்காரர் பெயரில் வருகிறது. சுமப்பது நாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிறு கடைக்கு அரையாண்டுக்கு 1,200 ரூபாய் வரி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீத உயர்வில் 2,400 ஆகிறது. கூடுதல் 1,200 ரூபாயை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 200 ரூபாய். ஆனால் சொந்தக்காரர், “வரியைக் கூட்டிட்டாங்க தம்பி” என்று சொல்லி வாடகையில் ஏற்றுவது 1,000 ரூபாய்! வரி ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்க நமக்குக் கூச்சம். கேட்டால் கடையைக் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம். அட்வான்ஸ் மாட்டியிருக்கிறது, ரேக் அடித்த செலவு மாட்டியிருக்கிறது, பதினைந்து வருஷத்து வாடிக்கை மாட்டியிருக்கிறது. நகராட்சிக்குப் போனது 200, ஏற்றுக்கொண்டது 1,000. நாம் கண்டன அறிக்கை விட்டது மட்டும் நகராட்சிக்கு எதிராக.

இங்கே நாம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. கடைக்கும் இது பொருந்தும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது சட்டம். நம்மில் பலர் இன்னும் வாய்ப்பேச்சிலும், எப்போதோ எழுதிய இருபது ரூபாய்ப் பத்திரத்திலும் காலத்தை ஓட்டுகிறோம். ஒப்பந்தம் எழுதும்போதே சொத்து வரி உயர்ந்தால் யார் தலையில், எந்த அளவுக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் ஆண்டுதோறும் இந்தத் தகராறு வராது. ஆண்டுதோறும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. சொத்து வரியைப் பல ஆண்டுக்கு ஒருமுறை பெரிதாக ஏற்றுவதற்குப் பதில், ஆண்டுதோறும் சிறிதாக ஏற்ற வழி செய்துகொண்டார்கள். 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. மற்ற ஊர்களிலும் இது வந்தது. ஆறு சதவீதம்தானே என்று பலர் சும்மா இருந்துவிட்டார்கள். வட்டிக் கணக்குத் தெரிந்த நமக்கு இது புரிய வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டிக்கு வட்டியாக ஏறினால் 12 ஆண்டில் இரட்டிப்பு. 2022இல் எந்த 100 சதவீதத்துக்காகக் கொதித்தோமோ, அதே 100 சதவீதம் சத்தமில்லாமல் 12 ஆண்டுக்கு ஒருமுறை வந்து சேர்ந்துவிடும்.

இதில் நம் கருத்து சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆண்டுதோறும் சிறு உயர்வு என்ற முறையை நாம் எதிர்க்கவில்லை. இருபது ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதைவிட இது எவ்வளவோ மேல். கடைக்காரனுக்குத் தெரிந்த செலவு செலவே அன்று, திடீர் செலவுதான் அவனைக் கவிழ்க்கும். நாம் கேட்பது வேறு. ஆண்டுதோறும் 6 சதவீதம் தருகிறவனுக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டாமா? பஜார் வீதியில் இருந்து இவ்வளவு வரி வந்தது, அதே வீதியின் சாக்கடைக்கு, விளக்குக்கு, குப்பைக்கு இவ்வளவு போனது என்று வீதி வாரியாக ஒரு தாள் ஒட்டச் சொல்ல வேண்டும். நாம் சிட்டைக்கும் பேரேட்டுக்கும் பழகியவர்கள். மன்றத்தில் வேறு யாரும் கேட்காத கேள்வியை நம்மால் கேட்க முடியும்.

தொழில் வரியில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2024இல் சென்னையில் தொழில் வரி 35 சதவீதம் உயர்த்தப்பட்டது. அரையாண்டு வருமானம் 21,001 முதல் 30,000 ரூபாய் வரை உள்ளவருக்கு 135 ரூபாய் 180 ஆயிற்று. 45,001 முதல் 60,000 வரை உள்ளவருக்கு 690 ரூபாய் 930 ஆயிற்று. அரையாண்டில் 75,000க்கு மேல் சம்பாதிப்பவருக்கு? பழைய 1,250 ரூபாயேதான். காரணம், தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே 1988இல் எழுதி வைத்தது. உச்சவரம்பைத் தொட்டவருக்கு உயர்வு கிடையாது, கீழே இருப்பவருக்கு மட்டும் உயர்வு. லட்சம் லட்சமாகச் சம்பாதிப்பவரும் மாதம் பதிமூன்றாயிரம் சம்பாதிப்பவரும் ஒரே தொகை கட்டும் நிலை. இதற்கு மாநகராட்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. பாராளுமன்றம் திருத்த வேண்டியது. ஆனால் கீழ்ப்படிகளில் 35க்குப் பதில் 25 சதவீதம் ஏற்றியிருக்கலாம் அல்லவா? 25க்குக் குறையாமல், 35க்கு மிகாமல் என்றுதானே விதி? மேல் எல்லையை ஏன் எடுத்தார்கள் என்று கேட்க ஆளில்லை.

பிளாஸ்டிக் விவகாரத்தில் நமக்குப் பட்டறிவு போதுமான அளவு உண்டு. 2019 ஜனவரி முதல் தேதி தடை வந்தது, அதே ஆண்டு அபராதமும் வந்தது. சிறு வியாபாரிக்கு முதல் முறை 100 ரூபாய், மளிகைக் கடை போன்ற நடுத்தரக் கடைக்கு 1,000, பெரிய கடைகளுக்கு 10,000, பதுக்கி வைப்பவருக்கும் வண்டியில் கொண்டு செல்பவருக்கும் 25,000 என்று படிப்படியாக வைத்திருந்தார்கள். கவனியுங்கள், இங்கே மட்டும் கடையின் அளவுக்கேற்பப் படி இருக்கிறது! அபராதத்தில் சிறு கடையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வரியில் பிரிக்கத் தெரியாமல் போனது வியப்பே. கவர் தயாரிப்பவரை விட்டுவிட்டு கவரில் போட்டுக் கொடுப்பவரை மட்டும் பிடிக்கிறார்கள் என்ற நம் பழைய புலம்பலை இங்கே மீண்டும் எழுத வேண்டாம்.

நடைபாதைக் கடைகள் பற்றி நம் உறுப்பினர்கள் எழுதும் கடிதங்களே மாதந்தோறும் அதிகம். வாசலை அடைத்துக்கொண்டு காய்கறி போடுகிறார்கள், வாடகை இல்லை, வரி இல்லை, நம் வியாபாரம் போகிறது என்கிறார்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் நம் சங்கத்து மூத்தவர்கள் பலரே கூடையோடு தெருவில் தொடங்கியவர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்வதில் அந்தக் குழுவுக்குப் பங்கு உண்டு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள். நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி, அதே குழுவில் வணிகர் சங்கத்துக்கும் சந்தைச் சங்கத்துக்கும் இடம் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஊரில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? கடை வாசலில் கூடைக்காரம்மாவோடு சண்டை போடுவதற்கு முன் இதை விசாரித்துச் சொல்லுங்கள்.

இனி, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. 2025இல் மதுரை மாநகராட்சியில் வெளிவந்த சொத்து வரி முறைகேட்டை எல்லோரும் படித்தோம். அதிகாரிகளின் கணினிக் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி வணிகக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டார்கள் என்பது புகார். ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் பதவி விலகினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டது, கைதுகள் நடந்தன, அக்டோபரில் மேயரும் பதவி விலகினார். யார் குற்றவாளி என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம், நாமல்ல. ஆனால் வரியைக் குறைத்துப் போட்டால் பயனடைவது ஒரு கட்டடக்காரர் அல்லவா? நூறு அடியை எழுபதாக அளக்கச் சொல்லி, கடையை வீடு என்று எழுதச் சொல்லி, பில் கலெக்டர் கையில் எதையோ திணிக்கும் பழக்கம் நம் வீதிகளில் கிடையாது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? முத்திரைத் தராசில் ஐந்து கிராம் குறைந்தால் ஊரே நம்மை ஏசும். வரி அளவில் முப்பது அடி குறைத்தவரை நாம் ‘கெட்டிக்காரர்’ என்கிறோம். அவர் கட்டாத தொகை, ஒழுங்காக அளந்து கட்டிய பக்கத்துக் கடைக்காரரின் அடுத்த உயர்வில் வந்து விழுகிறது. மன்றத்தில் போய்க் கணக்குக் கேட்கப் போகிற சங்கம், முதலில் தன் உறுப்பினர்களின் வரி ரசீதில் உள்ள அடிக்கணக்கைப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதற்காக ஒன்றிரண்டு சந்தாக்கள் நின்றாலும் நிற்கட்டும்.

கடையடைப்பு பற்றி ஒரு வார்த்தை. கடை வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை வாடகைதாரரே கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10 முதல் வந்தபோது பல ஊர்களில் கடையடைத்தோம். அதற்குப் பலனும் இருந்தது. டிசம்பர் 21ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, இணக்க முறையில் வரி கட்டும் சிறு வணிகர்களுக்கு விலக்கு அளித்தது. தில்லிக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் கடையடைப்பு ஒரு கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் நகராட்சித் தீர்மானத்துக்கு எதிராகக் கடையடைத்தால் என்ன நடக்கிறது? தயிர் புளிக்கிறது, வாழைப்பழம் கறுக்கிறது, அன்றாடக் கூலிக்காரர் அரைக் கிலோ அரிசிக்கு அலைகிறார், நம் வாடிக்கையாளர் கைப்பேசியில் சரக்குக் கேட்டுப் பழகிக்கொள்கிறார். நகராட்சிக்கு ஒரு ரூபாய் குறைவதில்லை. பத்து நிமிடத்தில் வீட்டில் கொண்டு வந்து கொடுக்கும் கம்பெனிகள் தெருமுனை வரை வந்துவிட்ட காலத்தில், நாமாக ஒரு நாள் ஷட்டரை இறக்கி அவர்களுக்கு விளம்பரம் செய்ய வேண்டுமா?

உள்ளூர் முடிவை உள்ளூரில் தடுக்கவோ திருத்தவோ வழி இல்லாமலில்லை. 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் போட்டபோது இந்த நாட்டு மக்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று நம் தாத்தாக்கள் காலத்தில் சொல்வார்களாம். அந்த மகிழ்ச்சியின் காரணம், சாக்கடை வரியைக் கலெக்டர் துரையிடம் கெஞ்சாமல் நம் தெருக்காரரிடமே வாதாடலாம் என்பதுதான். அரசியல் சட்டத்தின் 73, 74வது திருத்தங்கள் வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. இவற்றில் நான்கு நாள் கடை ஊழியர்களுக்கே சட்டப்படி விடுமுறை, எனவே கடையில் ஆளில்லை என்ற சாக்கு முழுமையாக எடுபடாது. நகரங்களில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022இல் விதிகள் செய்து, அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி பகுதி சபைகளைக் கூட்டினார்கள். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பெண்கள் வந்து பேசுகிறார்கள், வியாபாரிகளைக் காணோம்.

“போனால் மட்டும் கேட்டுவிடுவார்களா?” என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்காமலும் போகலாம். ஆனால் ஒரு நகராட்சியில் நடந்ததைச் சொல்கிறோம். குப்பைக் கட்டணத்தை எல்லா வகைக் கடைக்கும் ஒரே தொகையாகப் போட்டிருந்தார்கள். காகிதமும் சாக்கும் மட்டுமே குப்பையாகும் மளிகைக் கடைக்கும், இலையும் எச்சிலும் வண்டி வண்டியாகப் போகும் ஓட்டலுக்கும் ஒரே கட்டணம். நம் உறுப்பினர் இருவர் ஒரு வாரத்துக் குப்பையைத் தங்கள் சர்க்கரைத் தராசிலேயே நிறுத்து, ஒரு தாளில் எழுதி, வார்டு உறுப்பினரிடம் கொடுத்தார்கள். முதலில் அவர் சிரித்தார். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை வைத்தே பேசினார். ஓட்டலுக்கு ஒரு தொகை, மளிகைக்கு வேறு தொகை என்று மாறியது. குறைந்தது மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனால் அதற்காக ஒரு நாள்கூட ஷட்டர் இறங்கவில்லை. ஓட்டல்காரர்கள் நம் மீது கோபமாக இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அவர்களும் நம் சங்கத்தில் இருப்பவர்கள்தான். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

சொத்து வரி ஏப்ரல், அக்டோபர் என அரையாண்டுக்கு ஒருமுறை வருகிறது. முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தண்ட வட்டி. சொந்தக் கட்டடம் உள்ளவர்கள் இந்தச் சலுகையை விட வேண்டாம். அடுத்த தவணை கட்டியதும் ரசீது நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கப் பாருங்கள், கிடைக்காவிட்டால் வரி விதிப்பு எண்ணை மட்டுமாவது எழுதிக் கொடுங்கள். கடையின் நீள அகலத்தை நீங்களே டேப்பு வைத்து அளந்து, ரசீதில் உள்ள அளவுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து அனுப்புங்கள். கூடுதலாக அளந்திருந்தால் மேல்முறையீட்டு மனுவைச் சங்கமே எழுதித் தரும். குறைவாக அளந்திருந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி நிர்வாகக் குழுவில் இரு கருத்து இருக்கிறது. அதை அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேசுவோம், வந்து சேருங்கள்.